கிணற்றைப் பூட்டிவிட்டுக் குறிப்பை விற்கிறார்கள்!

சென்ற வாரம் எமது காரியாலயத்துக்குத் தகப்பனார் ஒருவர் வந்தார். வலிகாமத்தைச் சேர்ந்தவர், உத்தியோகத்தின் பொருட்டு வெள்ளவத்தையிற் குடியிருப்பவர். சிறு விளம்பரம் ஒன்று போட வேண்டுமென்றார். அவருடைய மகள் இலண்டன் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் தனியார் பாடசாலை ஒன்றிற் படிக்கின்றாள். அங்கே சுற்றாடல் முகாமைத்துவம் என்றொரு பாடம் உண்டு. அதனை வீட்டுக்கு வந்து கற்பிக்க நல்ல ஆசிரியர் ஒருவர் தேவை. “ஐயா, பத்திரிகைக்காரருக்கு நாலு பேரைத் தெரிந்திருக்கும், விளம்பரத்துக்கு முன்னம் நீங்களே ஒருவரைச் சொல்ல மாட்டீர்களா?” என்றும் கேட்டார்.

ஏற்கெனவே ஒருவரை அமர்த்திப் பார்த்தவர் அவர். வந்தவர் இரசாயனம் படிப்பிப்பவர். மணிக்கு இவ்வளவு என்று பேசி, பத்து வருட வினாத்தாள்களையும் அவற்றின் விடைகளையும் கட்டாகக் கொணர்ந்து மேசையில் வைத்தார். பிள்ளையும் எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அவள் ஒரு கேள்வி கேட்டாள். “சுன்னாகத்தில் எங்கள் அப்பம்மாவின் கிணற்றில் எண்ணெய் மிதந்ததாமே, சேர்! நிலத்துக்கு மேலே ஊற்றிய எண்ணெய் கிணற்றுக்குள் எப்படி வந்தது?” ஆசிரியர் அளித்த பதில் யாது? “பிள்ளை, அது வினாத்தாளில் வராது.”

அந்த ஒரு பதிலுக்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

வினாத்தாளில் வராதாம்! சுன்னாகம் மின்நிலையச் சூழலிற் கிணறுகள் எண்ணெயாற் கெட்டன என்ற கூக்குரல் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வலிகாமம் முழுவதும் எழுந்தது. தலைமுறை தலைமுறையாக அள்ளிக் குடித்த நீரைத் தொடவும் அஞ்சிய குடும்பங்கள், வாளிகளோடு தெருவில் நின்று பவுசர் வண்டிக்குக் காத்திருந்தன. குடிக்கலாம் என்றார் ஒரு நிபுணர். குடிக்கலாகாது என்றார் மற்றொருவர். ஈற்றில் 2019 ஆம் ஆண்டு நாட்டின் உயர் நீதிமன்றம், நிலத்தடி நீரைக் கெடுத்த மின் உற்பத்திக் கம்பனி 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. இத்தனையும் நடந்த மண்ணின் பிள்ளை, அதைப் பற்றி ஒரு வினா எழுப்பினால், அதற்கு மதிப்பெண் இல்லையென்று வாயடைக்கின்றார், பணம் பெற்றுக் கற்பிக்க வந்த ஆசான். இவர் கற்பிப்பது எந்தச் சுற்றாடலை? யாருடைய சுற்றாடலை?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகின்றோம். ரியூசன் விளம்பரங்களை இப்பத்திரிகையும் வாங்கிப் பிரசுரிக்கின்றது. அந்தக் காசில் ஒரு பங்கு எமது அச்சுக்கூலிக்கும் போகின்றது. ஆகவே கை கழுவிவிட்டு மேடையேறிப் பேசுவோரின் வரிசையில் நாம் இல்லை. எனினும் உண்மை உண்மையே.

இலவசக் கல்வி என்னும் பெருஞ் சொத்தை 1945 ஆம் ஆண்டு இந்நாடு பெற்றது. பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை ஏழையின் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்று கன்னங்கரா அவர்கள் போராடினார், வென்றார். அக்கதவு இன்றும் சட்டப்படி திறந்தே இருக்கின்றது. ஆனால் உள்ளே சென்ற பிள்ளைக்குக் கிடைப்பது பாதிப் பாடம். மீதிப் பாதி மாலை நான்கு மணிக்குத் தகரக் கொட்டகையில், ஒலிபெருக்கியில், காசுக்குக் கிடைக்கின்றது. சில இடங்களில் காலையிற் கரும்பலகை முன் நின்றவரே மாலையில் ஒலிவாங்கி முன் நிற்கின்றார். தம் வகுப்பு மாணவருக்குத் தாமே கட்டணம் பெற்றுப் போதித்தல் ஆகாது எனச் சுற்றறிக்கைகள் வந்ததுண்டு. சுற்றறிக்கைகள் வரும், போகும், கொட்டகைகள் நிற்கும்.

ஆசிரியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. 2021 ஆம் ஆண்டு ஆசிரியரும் அதிபரும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி மாதக்கணக்காகப் போராடினார்கள். இருபது ஆண்டு சேவையின் பின்னும் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் கணக்குப் பார்க்கும் ஒருவரிடம் தியாகத்தைப் பற்றிப் பிரசங்கிக்க எமக்கு உரிமையில்லை. பசித்தவனை அரசாங்கம் சந்தைக்கு அனுப்பியது. அவன் தன்னிடமிருந்த சரக்கை விற்கின்றான். ஆனால் விற்கும் சரக்கு எத்தகையது என்று கேட்கும் உரிமை, வாங்கும் பெற்றாருக்கு உண்டன்றோ?

எமது தேசியப் பாடத்திட்டத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. சின்னஞ் சிறுவருக்கு ஐந்தாந் தரம் வரை சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்றொரு பாடம் இருக்கின்றது. இலை பொறுக்குகிறார்கள், பறவை பார்க்கிறார்கள், மழையைப் பற்றிப் பாடுகிறார்கள். அவர்கள் வளர வளர அப்பாடம் கரைந்து போகின்றது. விஞ்ஞானத்தில் ஒரு துண்டு, புவியியலில் ஒரு துண்டு, விவசாயத்தில் ஒரு துண்டு. உயர்தரத்துக்கு வரும்போது துண்டுகளைக் கூட்டித் தைப்பார் எவருமிலர். சுற்றாடல் முன்னோடி என்று சட்டையிற் பதக்கம் குத்திய மாணவன், தன் வீட்டுக் கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையில் எத்தனை அடி என்று அளந்து பார்த்ததில்லை.

அளந்தால் என்ன தெரியும்? சொல்கின்றோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுதானும் இல்லை. வழுக்கி ஆறு மாரியில் ஓடிக் கோடையிற் காணாமற் போவது. ஐப்பசி, கார்த்திகையிற் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கிக் கடல்நீரின் மேலே மிதக்கின்றது. உப்புநீர் நன்னீரை விட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. அதனால், கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி வரை நன்னீர் தாழ்ந்து நிற்கும். ஓரடியை இயந்திரம் பூட்டி இறைத்து வற்றச் செய்தாலோ, கீழிருந்து உப்பு நாற்பதடி மேலெழப் பார்க்கும். புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதன் சூட்சுமம் இதுவே. துலாவால் இறைத்த காலத்தில் மனிதன் களைத்துப் போனான், கிணறு பிழைத்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

இதே வெடிப்புகளூடேதான் பசளையும் இறங்குகின்றது. செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கொட்டும் யூரியாவைப் பயிர் முழுவதும் உண்பதில்லை. மிஞ்சியதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அதனை மண் பிடித்து வைப்பதில்லை. நீரோடு நழுவிக் கிணற்றுக்குப் போகின்றது. மலகூடக் குழியின் கசிவும் அதே வழியிற் சென்று அதே பெயரெடுக்கின்றது. குடிநீரின் ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதனைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர் மீண்டும் மீண்டும் கண்டிருக்கின்றனர். அந்நீரிற் பால்மா கரைத்துப் புட்டியிற் புகட்டினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து, உடல் நீலம் பாரிக்கவும் கூடும். “கொதிக்க வைத்துத்தான் கொடுக்கின்றோம்” என்பர் எம் தாய்மார். கொதித்தாற் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் ஆவியாகக் குறைய, அது செறிவு கூடவே செய்யும்.

இந்த ஒரு செய்தி தெரியாத குடும்பத்தில், உயிரியலில் ஏ சித்தி பெற்ற பிள்ளை ஒன்று இருக்கவுங் கூடும். நைதரசன் வட்டத்தை அம்புக்குறிகளோடு அவள் அழகாகக் கீறுவாள். அந்த வட்டம் தங்கள் அடுப்படிக்குப் பின்னாலே சுழல்கின்றது என்று அவளுக்கு எவரும் காட்டியதில்லை.

பசளையைப் பற்றி அரசுக்குத் தெரிந்ததும் அவ்வளவே. 2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதியை ஓரிரவில் தடுத்தார்கள். அதே ஆண்டு கார்த்திகையில், விளைச்சல் விழுந்து விவசாயி வயிற்றிலடித்துக் கொண்ட பின்னர், தடையை நீக்கினார்கள். மூட்டை மூட்டையாகக் கொட்டியதும் அறியாமை; ஒரே நாளில் நிறுத்தியதும் அறியாமை. இரண்டுக்கும் இடையே மண்ணைச் சோதித்து, வேண்டியதை வேண்டிய அளவில் இடுவது என்றொரு வழி இருந்தது. அதைக் கேட்டுப் பெறுவதற்குப் படித்த குடியானவர் வேண்டும். ஆண்டு முழுதும் கரும்பலகை பார்த்துக் கொப்பியில் எழுதியவர் போதாது.

வெள்ளவத்தைத் தகப்பனாருக்கு ஆசிரியர் கிடைக்காவிட்டாலும் பணமாவது இருக்கின்றது. மலையகத்துத் தோட்டத் தகப்பனுக்கு என்ன இருக்கின்றது? இந்நாட்டில் ஏறக்குறைய 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது அவற்றிற் பத்தில் ஒரு பங்கு அளவானவற்றிலேயே. தோட்டத்துப் பிள்ளைக்கு அப்பாடசாலை எட்டாத தூரம். நகரத்து ரியூட்டரிக்குப் போய்வர ஒரு நாட் கூலி பறந்துவிடும். வன்னியின் உட்கிராமங்களிலும் இதே கதை. நியமனம் பெற்று வரும் விஞ்ஞான ஆசிரியர் பெட்டியை அவிழ்க்கு முன்னரே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதுகின்றார்.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மலை சரிந்து மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்களைக் குடியெழுப்ப வேண்டும் என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. கடதாசியில் இருந்த எச்சரிக்கை லயன் வாசலுக்கு வந்து சேரவில்லை. நிலத்திற் புதிய வெடிப்பு, சாயும் மரம், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல், ஊற்றில்லாத இடத்தில் நீர் சுரத்தல், இறுகிப்போகும் கதவு நிலை: இவையெல்லாம் மலை பேசும் மொழி. பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு வாரத்திற் கற்றுக்கொள்ளக் கூடிய மொழி. அதை எந்தத் தோட்டப் பாடசாலையில் எந்த ஆசிரியர் கற்பித்தார்? கற்பித்தாலும் போவதற்கு வேறு காணி இல்லாதவனுக்கு அறிவு மட்டும் வீடு கட்டித் தராது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் அறிந்தவன் கேட்பான். கேட்பவனை அதிகாரி அஞ்சுவான்.

எம்மவரையும் இரண்டு வார்த்தை சொல்லாமல் விட மாட்டோம். வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு நாற்காலிகளுக்கு அப்பால் உலகமில்லை என்று பிள்ளையைப் பழக்கியவர்கள் யார்? “சுற்றாடலோ? அது சும்மா வாசித்தாலே விளங்கும், பௌதிகத்துக்கு ஆளைப் பாருங்கோ” என்று சொல்லும் மாமாமார் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் உண்டா? நீரைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் கற்பது தோற்றவனுக்குரிய ஆறுதற் பரிசு என எண்ணும் சமுதாயம், ஒரு நாள் குடிக்க நீரின்றி நிற்கும்போது எந்தப் பொறியியலாளரை அழைக்கும்? அவர் அவுஸ்திரேலியாவில் இருப்பார்.

விளம்பரத்துக்கு வந்தவருக்கு நாம் எவருடைய பெயரையும் கொடுக்கவில்லை. ஆளை எப்படித் தெரிந்தெடுப்பது என்று மட்டும் சொன்னோம். வருபவரிடம் சித்தி வீதத்தைக் கேட்க வேண்டாம். பிள்ளையை எங்கே அழைத்துச் செல்வீர் என்று கேளுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரைக்குத்தானும் அழைத்துச் செல்லாதவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2021 ஆம் ஆண்டு கொழும்புக்கு அப்பாற் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கொட்டுண்ட பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. அதைப் பற்றிப் பேசாமல் இந்நகரத்துப் பிள்ளைக்குக் கடல் மாசைப் படிப்பிக்க வருபவர், வேறு யாருடைய கடலையோ படிப்பிக்கின்றார். மார்கழி விடுமுறையில் ஊருக்குப் போங்கள். அப்பம்மாவின் கிணற்று நீரைப் போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். வரும் அறிக்கையைப் பிள்ளையே வாசிக்கட்டும். விளங்காத சொல்லை ஆசிரியரிடம் கேட்கட்டும். விளக்க முடிந்தவரே உங்கள் ஆசிரியர். அவர் விளம்பரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறுபடி வருவாரோ தெரியாது.

பணம் உள்ளவருக்கு இவ்வளவும் சொல்லலாம். பணமில்லாதவருக்குச் சொல்ல வேண்டியது அரசாங்கமும் மாகாணக் கல்வித் திணைக்களமும். எத்தனை தமிழ்ப் பாடசாலைகளில் ஆய்வுகூடம் என்ற பெயரில் ஓர் அறை பூட்டிக் கிடக்கின்றது? எத்தனையில் நீரின் உவர்த் தன்மையையும் நைத்திரேற்றையும் அளக்கச் சிறு கருவியாவது இருக்கின்றது? விஞ்ஞான ஆசிரியர் இல்லாத உயர்தர வகுப்புகள் வன்னியிலும் மலையகத்திலும் எத்தனை? அந்த அறைகளைச் சனி, ஞாயிறு திறந்து, ரியூட்டரி கொடுக்கும் காசை ஆசிரியருக்கு அரசே கொடுத்து, ஊர்க் கிணறுகளை மாணவரைக் கொண்டே அளப்பிக்கத் திணைக்களத்துக்குத் தடையாக இருப்பது எது? கணக்கைப் பாடசாலை வாரியாக வெளியிடட்டும். வெளியிட்டால் அதை ஒரு வரியும் விடாமற் பிரசுரிப்பதற்கு, ரியூசன் விளம்பரங்கள் வரும் அதே நான்காம் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றோம்.