சந்துக்கு ஒரு தலைவர்

ஐ.சி.எஸ். உத்தியோகத்தை உதறுவார் உண்டோ? 1945-ல் அக்தர் ஹமீத் கான் உதறினார்; அலிகார் அருகே கிராமமொன்றில் பூட்டுத் தொழிலாளியாகவும் உழைத்தார். பின்னர் கோமில்லாவில் விவசாயக் கூட்டுறவு. அவையெல்லாம் இருக்கட்டும்.

1980-ல், 65 வயதில், கராச்சியின் ஒராங்கிக் குடியிருப்புக்கு வந்தார். சந்துகளில் கழிவுநீர் ஓடிற்று. ஸர்க்கார் இனாமாகச் சாக்கடை போட்டுத் தருமென்று ஜனங்கள் காத்திருந்தனர். (நாமும் மனு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள்தாமே!) கான் பணம் கொடுக்க மறுத்தார். சந்துக்கு இருபது, முப்பது வீடுகள்; அவ்வீட்டார் தமக்குள் ஒருவரைத் தேர்ந்து, செலவைப் பங்கிட்டு, குழாய் புதைக்க வேண்டும். அளவும் வரைபடமும் யோசனையும் மட்டும் அவருடைய ஆட்கள் தருவர். ஒப்பந்தக்காரர் லாபம் ஒழிந்ததால் செலவு வெகுவாகக் குறைந்தது. பெரிய கால்வாய்களை ஸர்க்காருக்கே விட்டுவிட்டார், அது நியாயந்தான். 1999-ல் அவர் காலமாவதற்குள் ஆயிரக்கணக்கான சந்துகளில் குழாய் இறங்கிவிட்டது.