யார் அனுப்பிய உறுப்பினர்?

சுதந்திர தினம் வந்துவிட்டால் நம்மவர் மேடைகளில் மர்ஹூம் ரி. பி. ஜாயாவின் பெயர் ஒலிக்கும். 1945இல் அரசாங்க சபையில் டொமினியன் அந்தஸ்து மசோதாவை நிபந்தனையின்றி ஆதரித்தார்; சமூகத்தின் சலுகைகளைவிட நாட்டின் விடுதலையே பெரிதென்றார்; பண்டாரநாயக்க மனந்திறந்து பாராட்டினார். இந்த மூன்று வாக்கியங்களோடு பேச்சு முடிந்துவிடும்.

ஜாயாவின் அரசியல் வாழ்வு இவ்வளவு எளிதானதல்ல. 1890இல் கலகெதரையில் பிறந்த மலாயரான அவர், 1921 முதல் 1948 வரை கொழும்பு ஸாஹிறாவின் அதிபராக இருந்தார். 1924இல் சட்டநிரூபண சபைக்கு அவரை அனுப்பியவர்கள் முஸ்லிம் வாக்காளர்கள் மட்டுமே. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை 1931இல் டொனமூர் திட்டம் ஒழித்தது. 1936 தேர்தலில் முஸ்லிம் ஒருவரும் வெல்லாத நிலையில், ஜாயாவையும் ராஸிக் பரீதையும் ஆளுநர் நியமித்தார். 1947இல்தான் மத்திய கொழும்பின் எல்லா இன மக்களும் வாக்களித்து அவரைப் பாராளுமன்றம் அனுப்பினர். உடனே தொழில், சமூக சேவைகள் அமைச்சருமானார்.

ஆக, நாம் கொண்டாடும் 1945 உரை ஒரு நியமன உறுப்பினரின் உரை. சமூகத்தின் பெயரால் பாதுகாப்புக் கோரிக்கைகளைக் கைவிட்டவரை அந்தச் சமூகம் வாக்களித்து அனுப்பியிருக்கவில்லை. வாக்குக்கு அஞ்சாததால்தான் அவரால் துணிந்து பேச முடிந்தது என்பர் சிலர். இருக்கலாம். ஆனால் அந்தத் துணிவின் விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் சபைக்கு வெளியே இருந்தார்கள்.

நம்பிக்கை மட்டும் எவ்வளவு தூரம் காக்கும் என்பது 1948இலேயே தெரிந்தது. பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அதைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ஜாயாவும் இருந்தார். நமது நினைவு மலர்கள் இந்த வரியை ஏன் தாண்டிச் செல்கின்றன?

இது பழங்கதையல்ல. 2020 ஒக்டோபரில், கொரோனாவில் இறந்த நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், எதிர்க்கட்சி முஸ்லிம் உறுப்பினர் பலர் இருபதாவது திருத்தத்துக்குக் கையுயர்த்தினர். ஜாயாவையாவது ஆளுநர் நியமித்தார். இவர்களை அனுப்பியது மக்கள். அந்த மக்களிடம் இவர்கள் ஒரு வார்த்தை கேட்டார்களா? நாட்டுக்காக, சமூகத்துக்காக என்று அதற்கும் காரணம் சொல்லப்பட்டது. அந்தச் சொற்களை நாம் எதிர்த்துக் கேட்கப் பழகாததில் நமது ஜாயா மேடைகளுக்கும் பங்குண்டு.

ஜாயாவைச் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. நாற்பதாண்டுக்கு மேல் கல்விக்கும் அரசியலுக்கும் உழைத்து, 1960இல் மதீனாவில் மறைந்த பெருமகன் அவர். அவர் சபையில் பேசியவை ஆங்கில ஹன்சாட்டில் கிடக்கின்றன. கவிதைக்கும் கதைக்கும் தொகுப்புப் போடும் நாம், அவற்றை முழுமையாகத் தமிழில் தந்து, சரியையும் பிழையையும் நம் பிள்ளைகள் தாமே எடைபோட வழிசெய்வோம். அடுத்த சுதந்திர தினத்துக்கு இன்னொரு பொன்னாடை வேண்டாம்.