தூரம் அதேதான்... பயண நேரம் மட்டும் ஏன் 4 மணி நேரம் கூடியது? விமானக் கணக்கை அப்படியே நம்பலாமா?

பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்? போனில் தேடினால் உடனே பதில் வரும்: சுமார் 7,800 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வகுத்துப் பார்த்தால் 9 மணி நேரத்தில் போயிடலாம். ஆனால், இப்போது ஃபின்ஏர் விமானத்தில் ஏறினால் சுமார் 13 மணி நேரம் ஆகிறது. மீதி 4 மணி நேரம் எங்கே போச்சு?

பூட்டிய வானம்

இரண்டு ஊருக்கும் நடுவே இருப்பது ரஷ்யா. உக்ரைன் போரைத் தொடர்ந்து, 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியது. டோக்கியோவிலிருந்து திரும்பும் விமானங்கள் அலாஸ்கா பக்கம் போய், வட துருவத்தை ஒட்டிச் சுற்றி வரத் தொடங்கின. அந்த வழி கிட்டத்தட்ட 13,000 கி.மீ.!

இது புதுக்கதையும் இல்லை. சோவியத் வானம் மூடியிருந்த 1983-லும் ஃபின்ஏர் இதே துருவ வழியில்தான் டோக்கியோவுக்குப் பறந்தது. அப்போதும் 13 மணி நேரம்தான். விமானம் நவீனமாச்சு, பயணம் பழைய காலத்துக்கே போயிடுச்சு.

சுற்றிப் போனால் சீக்கிரம்

இன்னொரு பக்கம் காற்று. டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானத்தை ஏர் இந்தியா 2016-ல் அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ குறைந்தது. காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று. அட்லாண்டிக் வழியில் எதிர்த்து நின்ற காற்று, பசிபிக் வழியில் பின்னாலிருந்து தள்ளியது.

நமக்கு என்ன?

தூரத்தை வேகத்தால் வகுத்து 'பயண நேரம்' காட்டும் தளங்கள், 'இது நேர்கோட்டுக் கணக்கு மட்டுமே' என்று பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பேன். ஏனெனில் அந்த எண்ணை நம்பித்தான் பலர் லீவு போடுகிறார்கள், இன்டர்வியூ நேரம் கொடுக்கிறார்கள், அடுத்த விமானத்துக்குத் தனி டிக்கெட் எடுக்கிறார்கள். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் நஷ்டம் பெரும்பாலும் நம் தலையில்தான். சுற்றுவழிக்கு எரியும் கூடுதல் எரிபொருளின் விலையும் கடைசியில் கட்டணத்தில்தான் வந்து நிற்கும்.

இது எங்கோ ஐரோப்பாவில் நடக்கிற கதை மட்டுமல்ல. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் நீண்டன.

அதனால் டிக்கெட் போடும்முன் தூரத்தைத் தேடாதீங்க. நீங்கள் போகும் நாளுக்கு அந்த நிறுவனம் அறிவித்துள்ள நேரத்தைப் பாருங்க. போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்காது, இரண்டையும் தனித்தனியே பாருங்க. கனெக்ஷன் இருந்தால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்க. வரைபடத்தில் நேர்கோடு போடுவது சுலபம். அந்தக் கோட்டில் பறக்க எல்லா நாடும் வழிவிட வேண்டுமே!