டனல் மணிக்கணக்கும் ஹெல்மெட் கேமராவும்

செங்குத்துக் காற்று டனலில் நூறு மணி நேரம் பறந்தவர், ஆகாயத்தில் நாற்பதாவது ஜம்ப்பிலேயே ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொள்ளலாமா? டிராப்சோன்களில் இது தீராத பஞ்சாயத்தாகிவிட்டது. கேட்பவர் பெரும்பாலும் இளைஞர். டனலில் தலைகீழாக நின்று சுழல்வார். உடம்பு சொன்னபடி கேட்கும். எதிரே நிற்கும் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு அந்த வித்தையில் பாதிகூட வராது. ஆனாலும் அவர் கறாராக ‘இப்போது வேண்டாம்’ என்கிறார். பொறுப்பாளர் சொல்வதே சரி என்பது இந்த இதழின் நிலை. ஆனால் ‘விதி அப்படித்தான்’ என்ற ஒற்றை வரியோடு இளைஞரைத் திருப்பி அனுப்புவது சரியல்ல. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

முதலில் அவருடைய கணக்கைப் பார்ப்போம். 13,000 அடியில் விமானத்தை விட்டு வெளியேறினால் பாராசூட்டை இழுக்கும்வரை கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பாராசூட்டை மடிக்க வேண்டும், விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும், மேகம் விலக வேண்டும். டனலில் ஒரு மணி நேரம் பறந்தால் அறுபது ஜம்ப்பின் ஃப்ரீஃபால் கையில் வந்துவிடும். அதுவும் பயிற்சியாளர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, முழங்கால் மடங்கினால் அந்த நொடியே தட்டிச் சரிசெய்வார். வெளியே வந்தால் சுவர்க் கேமராவின் பதிவு திரையில் ஓடிக்கொண்டிருக்கும்.

1964இல் ஓஹியோவின் ரைட்-பாட்டர்சன் விமானப்படைத் தளத்தில் ஜாக் டிஃபனி செங்குத்துக் காற்றில் மிதந்தபோது அது ஆய்வுக்கூடத்தோடு நின்ற சங்கதி. 1998இல் ஆர்லாண்டோவில் ஸ்கைவெஞ்சர் வந்த பிறகுதான், விசிறிகளை மேலே வைத்துக் காற்றை உறிஞ்சி இழுக்கும் முறையில், ஆகாயத்துக்கு நிகரான சீரான காற்று நமக்குக் கிடைத்தது. 2015இல் பிராகில் முதல் உலக உள்ளரங்கச் சாம்பியன்ஷிப் நடந்தது. இன்று அபுதாபியின் யாஸ் தீவில் இருக்கும் கிளைம்ப் டனலின் பறக்கும் அறை 32 அடி அகலம். எட்டுப் பேர் கூட்டமாகப் பறந்தாலும் இடம் மிஞ்சும். செந்தோசாவில் இருப்பது அதில் பாதி அகலம்தான். ஆனால் வார இறுதியில் போய்க் குதித்துவர ஒரு டிராப்சோன்கூட இல்லாத சிங்கப்பூரிலிருந்து கைரா போ போன்ற உலகத்தரப் பறப்பாளர் உருவானது அந்த டனலில்தான். பறக்கும் கலையை டனல் ஒரு தலைமுறைக்குள் எங்கேயோ கொண்டுபோய்விட்டது. அதை மறுத்துப் பேசும் பழைய ஆட்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் டனலில் இல்லாதவை எவை என்று பாருங்கள். அங்கே உயரம் என்ற ஒன்று இல்லை. நேரம் முடிந்தால் விளக்கு மினுக்கும். கதவுப் பக்கம் சாய்ந்தால் ஆள் வெளியே. மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டிய தேவை ஒருமுறைகூட வராது. விமானக் கதவு இல்லை, பிரிந்து விலகி டிராக் செய்ய இடமில்லை, பின்னால் யார் எந்த உயரத்தில் பாராசூட்டை விரிக்கிறார் என்ற கவலை இல்லை. எல்லாவற்றையும்விட, பாராசூட்டை வெளியே இழுக்கும் பைலட் சூட்டும், அதன் கயிறுகளான லைன்களும் இல்லை. ஹெல்மெட் கேமரா ஆளைக் கொல்வது பெரும்பாலும் டனலில் இல்லாத இந்த இடங்களில்தான். ஆகவே நூறு மணி நேர டனல் பழக்கம் என்பது கேமராவுக்கு வேண்டிய பயிற்சியில் ஒரு பக்கத்தை மட்டும் அபாரமாக வளர்த்துவிட்டு, மறுபக்கத்தைத் தொடாமலே விட்டுவிடுகிறது.

அமெரிக்க பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ.வின் பரிந்துரை தெளிவானது: கேமராவைத் தொடுமுன் சி லைசென்ஸ், 200 ஜம்ப், அதோடு, அணியப்போகும் அதே பாராசூட்டில் அண்மையில் 50 ஜம்ப். இந்த மூன்றாவது நிபந்தனையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கை தானாகக் கைப்பிடிக்குப் போகிற அளவுக்குச் சாதனம் பழகியிருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். டனலில் எந்தப் பாராசூட்டும் பழகாது.

கேமரா மனதை எவ்வளவு தூரம் விழுங்கும் என்பதற்கு 1988 ஏப்ரலில் வட கரோலினாவில் நடந்ததைவிடக் கொடிய சான்று தேவையில்லை. எண்ணூறுக்கு மேல் குதித்த அனுபவசாலி ஒருவர், ஒரு மாணவரின் ஜம்ப்பைப் படம்பிடிக்க விமானத்திலிருந்து இறங்கினார். அந்தக் கால வீடியோ என்பதால் ஹெல்மெட்டில் கேமரா, முதுகில் ரெக்கார்டர். பாராசூட்டை மட்டும் அணிய மறந்திருந்தார். கடைசிவரை கேமரா பதிவு செய்துகொண்டே இருந்தது. புதியவர்களிடம் இதைச் சொன்னால், ‘அது அந்தக் கால மூட்டை. இப்போது தீப்பெட்டி அளவு கேமரா’ என்று சிரிக்கிறார்கள். அதிலேதான் ஆபத்து. அன்று கேமரா மாட்டுவது ஒரு சடங்கு. ஜான் ஃபிராங்கன்ஹைமரின் ‘ஜிப்ஸி மாத்ஸ்’ படத்துக்காக கார்ல் போனிஷ் ஃபிலிம் கேமராவைத் தலையில் சுமந்து குதித்த காலத்தில், தலையில் கனம் இருந்ததால் நினைவில் அச்சமும் இருந்தது. இன்று கேமரா இருப்பதே தெரிவதில்லை. தெரியாத பொருளுக்கு யாரும் அவசரத்திட்டம் வகுப்பதில்லை.

கனம் குறைந்தது கழுத்துக்கு நல்லது. முரட்டுத்தனமாக விரியும் பாராசூட்டில் தலை வெட்டி இழுக்கப்படுவது குறைந்திருக்கிறது. ஆனால் லைன் மாட்டுவதற்கு எடை ஒரு பொருட்டே அல்ல. கேமராவோடு பெட்டியில் வரும் பிளாஸ்டிக் தாங்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒட்டும் அடித்தட்டு, அதன்மேல் கொக்கி, அதன்மேல் திருகாணி, அந்தத் திருகாணியின் குமிழ் பக்கவாட்டில் ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும். சைக்கிளுக்கும் அலைச்சறுக்குப் பலகைக்கும் செய்த பொருள் அது. பாராசூட் விரியும்போது தோளுக்கு மேலே விசிறிப்போகும் லைனுக்கு அந்தக் குமிழ் போதும். தாங்கிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒரு லைன் நுழையும் இடைவெளி இருந்தாலே அது ஆபத்து. இடைவெளியை அடைத்து, விளிம்புகளை டேப் ஒட்டி வழவழப்பாக்கி, பழைய லைன் ஒன்றை எடுத்து ஹெல்மெட்டின் எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. டோன்ஃபிளை, குக்கி, போன்ஹெட் போன்றவர்கள் கேமராவுக்கென்றே வழவழப்பான கூடு செய்கிறார்கள். விலை அதிகம்தான். ஸ்கைடைவிங்குக்கென்றே மோதல் தரச்சான்று பெற்ற ஹெல்மெட்டுகளும் வந்துவிட்டன. ஆனால் அந்தச் சான்று நீங்கள் துளைபோட்டு மாட்டிய தாங்கியையும் சேர்த்து அல்ல.

எவ்வளவு வழவழப்பாக்கினாலும் மாட்டும் நாள் ஒன்று வரலாம். அன்றைக்கு வேண்டியது தாடைப்பட்டை விடுவிப்பு. லைன் ஹெல்மெட்டில் சிக்கிய நிலையில் மெயின் பாராசூட்டைக் கட்அவே செய்து கழற்றிவிட்டால், அது தோளை விட்டுப் போகும், தலையை விட்டுப் போகாது. மாற்றுப் பாராசூட்டான ரிசர்வ் அதற்குள்ளேயே போய் விரியும். ஆர்.எஸ்.எல். மாட்டியிருந்தால் அதற்கு இடைப்பட்ட நொடிகூடக் கிடையாது. கட்அவே செய்த கணமே ரிசர்வ் கிளம்பிவிடும். ஆகவே முதலில் ஹெல்மெட் போக வேண்டும், அதன் பின்பே மற்றவை. 3,000 அடியில் இழுக்கும் சி, டி லைசென்ஸ்காரருக்கு முடிவெடுக்க வேண்டிய எல்லை 1,800 அடி. ஃப்ரீஃபால் வேகத்திலேயே விழுந்துகொண்டிருந்தால் அந்த 1,200 அடி ஏழு நொடியில் தீர்ந்துவிடும். அந்த ஏழு நொடிக்குள், கையுறை போட்ட ஒரு கையால், தலை ஒருபக்கம் இழுபட்ட நிலையில், தாடையோரத்து வளையத்தைக் கண்ணால் பார்க்காமல் கண்டுபிடித்து இழுக்க வேண்டும். இதைத் தரையில் யாராவது ஒத்திகை பார்க்கிறோமா? ஹெல்மெட்டைக் கழற்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்திச் சாவகாசமாகக் கழற்றுகிறோம். ஒவ்வொரு நாள் முடிவிலும் கடைசிமுறை அந்த வளையத்தை இழுத்தே ஹெல்மெட்டைக் கழற்றினால், செலவில்லாமல் ஒரு பழக்கம் வந்துவிடும். மறுபடி கோர்க்க இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவே.

படம்பிடிப்பது ஒரு தனித் தொழில் என்பது டனல் காலத்தில் மங்கிவருவது எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம். ஆகாயத்தில் நால்வர் ஃபார்மேஷன் போட்டி என்றால் அணியில் ஐந்து பேர். ஐந்தாமவர் கேமராக்காரர், பதக்கம் அவருக்கும் உண்டு. 10,500 அடியில் தொடங்கி 35 நொடிக்குள் அந்த நால்வரின் ஒவ்வொரு பிடியும் அவர் படத்தில் தெரிய வேண்டும். தீர்ப்பாளர்கள் பார்ப்பது அதை மட்டும்தான். உள்ளரங்கப் போட்டியில் அந்த ஐந்தாமவர் இல்லை. கேமரா டனலோடு பொருத்தப்பட்டுவிட்டது. ஃப்ரீஸ்டைலிலும் அப்படியே: ஆகாயத்தில் ஆடுபவரும் படம்பிடிப்பவரும் சேர்ந்தது ஓர் அணி, உள்ளரங்கில் ஆடுபவர் தனி.

இதன் விளைவைக் கவனித்துப் பார்க்கலாம். டனலில் வளர்ந்தவர், நிலையான கேமரா தன்னைப் பார்ப்பதற்குப் பழகியிருக்கிறார். தான் எப்படித் தெரிகிறோம் என்பதில் அவருக்குக் கண் கூர்மை. பிறர் எப்படித் தெரிய வேண்டும் என்று தன் இடத்தை மாற்றிக்கொள்ளும் வேலை அவருக்குப் புதிது. அகலக் கோண லென்ஸில் நண்பர்கள் எறும்பாகத் தெரிந்தால், படம் நிறைய வேண்டும் என்று அருகே போகிறார். ஃபார்மேஷனுக்கு மேலே நெருங்கினால் அவர்களுக்கு மேலே உண்டாகும் கலங்கிய காற்றான பர்பிளில் விழுந்து, கீழே இருப்பவரின் முதுகில் போய் இறங்க வேண்டியதுதான். அனுபவமுள்ள கேமராக்காரர் செய்வது நேர்மாறு: கோணம் சரியாக இருந்தால் தூரத்தைக் குறைக்க மாட்டார். பிரியும் நேரத்தில் நால்வரும் நான்கு திசையில் டிராக் செய்து விலக, அவர் நடுவிலேயே நின்று, முன்கூட்டிப் பேசிவைத்த உயரத்தில் விரிப்பார். ‘இன்னும் ஒரு நொடி, நல்ல ஷாட்’ என்று அவர்களில் ஒருவரைத் துரத்திப் போகிறவர் அந்த ஏற்பாட்டைக் குலைக்கிறார். ரீல்ஸுக்காகக் குதிப்பவர்களிடம் இந்த வியாதி அதிகம்.

டனலும் கேமராவும் எப்படிச் சேர வேண்டும் என்பதற்கு நம் துறையே காட்டிய நல்ல உதாரணம் ‘மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்’. 2018இல் வந்த அந்தப் படத்தில் 25,000 அடியிலிருந்து குதிக்கும் காட்சிக்காக லண்டனுக்கு அருகே லீவ்ஸ்டன் ஸ்டுடியோவில் ஒரு செங்குத்து டனலையே கட்டினார்கள். டாம் குரூஸும் மற்றவர்களும் அசைவுகளை அங்கே பழகினார்கள். பிறகு அபுதாபி வானத்தில் சி-17 விமானத்திலிருந்து குதித்தார்கள். ஹெல்மெட்டில் கேமராவோடு, விமானத்திலிருந்து பின்பக்கமாக வெளியேறி, குரூஸுக்கு முன்னால் விழுந்துகொண்டே படம்பிடித்தவர் கிரெய்க் ஓ’பிரையன். சூரியன் மறையும் வேளையின் சில நிமிட வெளிச்சத்தில், நடிகர் லென்ஸுக்கு மூன்றடி தூரத்தில் வந்து நிற்க வேண்டும். 106 ஜம்ப் ஆயின என்று படக்குழு சொன்னது. டனலில் பழகியாகிவிட்டதே, நேரே கேமராவை ஓட்டலாம் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. கேமராவை ஒப்படைத்ததும் பல்லாண்டு அதே தொழிலாக இருந்தவரிடம்.

டனல் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்வையாளர் ஹெல்மெட்டில் கேமரா மாட்டி உள்ளே வரக்கூடாது என்று பெரும்பாலான இடங்களில் தடை இருக்கிறது. கழன்ற ஒரு திருகாணி அந்தக் காற்றில் என்ன செய்யும் என்பது தெரிந்தால் தடையில் தவறில்லை. ஆனால் லைசென்ஸ் உள்ள, கேமராவுக்குத் தகுதியடையப் போகும் நிலையில் இருக்கும் ஜம்ப்பர்களுக்காக, மாதம் ஒரு நாள், கூட்டம் இல்லாத நேரத்தில், ஊழியர் சோதித்துக் கயிறு கட்டிய ஹெல்மெட்டோடு ஒரு வகுப்பு நடத்தலாம். ஒருவர் மற்றவரைச் சட்டகத்துக்குள் வைத்துக்கொண்டே உயரமும் தூரமும் மாறாமல் பறப்பது, கழுத்தைத் திருப்பாமல் உடம்பைத் திருப்பிக் கோணம் தேடுவது, கண்முன் பொருத்திய குறிவளையமான ரிங் சைட்டில் கண் ஒட்டிக்கொள்ளாமல் பழகுவது ஆகியவற்றுக்கு டனலைப் போன்ற பள்ளி இல்லை. அந்த வகுப்பில் சேர 150 ஜம்ப் என்று வைத்தால், 200 வரும்போது ஆள் பாதி தயாராக இருப்பார். இப்போது 200 வந்த மறுநாள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் நிறைந்திருக்கிறது. அதுவும் சரியல்ல என்பதைப் பொறுப்பாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வளைகுடாவில் குளிர்காலப் பருவம் வந்தால், பாலைவன டிராப்சோன்களுக்கு டனல்களிலிருந்து புதியவர்கள் நிறைய வருவார்கள். பொறுப்பாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான்: லாக் புத்தகத்தில் டனல் நேரத்தையும் ஜம்ப் எண்ணிக்கையையும் தனித்தனியே பாருங்கள், ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாகக் கொள்ளாதீர்கள். 200க்குக் குறைந்தவரின் ஹெல்மெட்டில் கேமராத் தாங்கி இருந்தால், கேமரா இல்லாவிட்டாலும், விமானத்தில் ஏறுமுன் கழற்றச் சொல்லுங்கள். அதற்கு மேற்பட்டவர் என்றால், உங்கள் முன்னால் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு தாடைப்பட்டையை விடுவித்துக் காட்டச் சொல்லுங்கள். முடியாதவருக்கு அன்றைக்குக் கேமரா வேண்டாம்.