ஒரு நாளைக்கு ஒரு யூனிட்

2021 தொடக்கத்தில் ஓர் ஆட்டோ நாடு முழுக்கப் பேசப்பட்டது. பரமத்தி வேலூர்க்காரரான கட்டடக் கலைஞர் அருண் பிரபு, மூன்று சக்கர வண்டியின் மேல் கட்டிய வீடு அது. ஆறடிக்கு ஆறடி. படுக்கை, அடுப்படி, குளியல், கழிப்பறை எல்லாம் அதற்குள். செலவு ஏறக்குறைய ஒரு லட்சம். ஆனந்த் மஹிந்திரா பாராட்டியதும் படம் கைபேசிக்குக் கைபேசி பறந்தது. எல்லோரும் இடத்தைக் கையாண்ட சாமர்த்தியத்தை வியந்தார்கள். எனக்குக் கண்ணில் பட்டது 600 வாட் சோலார். இன்றைய பேனலில் சதுர அடிக்கு 20 வாட் கிடைத்தாலே பெரிசு. அப்படியென்றால் 600 வாட்டுக்கு 30 சதுர அடி வேண்டும். வீடே 36 சதுர அடிதான்!

இப்போது கோவையில் ஆம்னியையும் ஈகோவையும் டெம்போ டிராவலரையும் படுக்கை போட்டு மாற்றி, ஆனைகட்டிக்கும் கோத்தகிரிக்கும் கிளம்புகிறவர்களைப் பார்க்கிறேன். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: "எத்தனை வாட் போட்டிருக்கீங்க?" கேள்வியே தலைகீழ். காந்திபுரம் பக்கம் ஒரு பேட்டரிக் கடைக்கு நண்பருடன் போயிருந்தேன். நண்பர் பேனல் விலையில் ஆரம்பித்தார். கடைக்காரர் பில் புத்தகத்தைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார். "ஏனுங்ண்ணா, ராத்திரிக்கு என்னென்ன ஓடோணும்னு மொதல்ல எழுதுங்க. பேனலு கடைசியில தானா வருமுங்க."

2012-ல் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. எத்தனை ஃபேன், எத்தனை லைட் என்று எண்ணி யுபிஎஸ் வாங்கிப் பழகிய கை நம்முடையது. வண்டிக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு மறந்துபோகிறது?

நண்பர் எழுதினார். 45 வாட் இழுக்கும் சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ். நம் வெயிலில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் நாளுக்கு 540 வாட்-மணி. பிஎல்டிசி ஃபேன் 28 வாட், பத்து மணி நேரம், 280. லைட்டுக்கு 50. போன், லேப்டாப்புக்கு 150. கூட்டினால் 1,020. வீட்டு மீட்டர் கணக்கில் ஒரு யூனிட். அரசு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை அறுபது நாளுக்குப் பிரித்தால்கூட நாளுக்கு ஒன்றரைக்கு மேல் வரும். அதற்குள்ளேயே வண்டி வாழ்ந்துவிடும்.

அடுத்து பேட்டரி. பேனல் கிணற்று ஊற்று என்றால் பேட்டரி தோட்டத்துத் தொட்டி. ஊற்று சுரக்காமல் தொட்டியை மட்டும் பெரிதாகக் கட்டி என்ன செய்ய? சாயங்காலம் ஆறிலிருந்து காலை எட்டு வரை நண்பரின் வண்டிக்குத் தேவை 650 வாட்-மணிதான். வீட்டில் இருக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி 1,800 வாட்-மணி கொள்ளும். ஆனால் ஆயுசு நிற்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. எடையோ 50 கிலோவைத் தாண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வேறு கிளம்பும். படுத்துத் தூங்கும் அறைக்குள் அதை வைக்க எனக்கு மனம் வராது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 100 ஆம்பியர்-மணி என்றால் 1,280 வாட்-மணி. முக்கால் பங்குக்கு மேல் தாராளமாக எடுக்கலாம், எடை 12 கிலோ அளவில் முடிந்துவிடும். விலை கூடுதல்தான். இருந்தாலும் சின்ன வண்டிக்கு இதுவே சரி என்பேன். மார்கழி, தையில் ஊட்டியில் உறைபனி விழும் விடிகாலைகளில் மட்டும் கவனம் வேண்டும்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

இனிதான் பேனல். நம் பக்கத்தில் 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 350 முதல் 400 வாட்-மணி தரும். அப்போது ஒரு யூனிட்டுக்கு 300 வாட் போதும். கோவை 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், கூரையில் தட்டையாகப் படுக்க வைத்தாலும் பெரிய இழப்பில்லை. ஏப்ரலில் பேனலே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். பத்துப் பதினைந்து சதவீதம் அங்கேயே போய்விடும். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்று ஓட விட்டால் பேனலும் ஆறும், அந்த நிழலில் வண்டியும் ஆறும்.

நிழல் என்றதும் பொள்ளாச்சி ஞாபகம் வருகிறது. தென்னந்தோப்புக்குள் வண்டியை நிறுத்துவது என்ன சுகம்! ஆனால் பேனலுக்குள் செல்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. ஒரே ஒரு மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தால் அந்தச் சின்னத் துண்டோடு இழப்பு நிற்காது, பேனலின் பெரும்பகுதி படுத்துவிடும். அதனால் 200 வாட்டைக் கூரையில் பொருத்தி, 100 வாட்டை நீள ஒயரோடு வெயிலில் சாய்த்து வைக்கும்படி கையில் வைத்துக்கொள்ளலாம். வண்டி நிழலில், பேனல் வெயிலில்.

ஏசி கேட்பவர்களும் உண்டு. ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்தாறு யூனிட் குடிக்கும். அதற்கு 1,500 வாட் பேனல், 80 சதுர அடி கூரை. ஆம்னிக்கு ஏது? மலையேறிவிடுங்கள். ஊட்டி கோவையைவிட 1,800 மீட்டர் உயரம், பத்துப் பன்னிரண்டு டிகிரி தானாகக் குறையும். எரிபொருள் செலவு தனிக் கணக்கு.

கிரைண்டர் எடுத்துப் போகலாமா என்று நண்பரின் வீட்டம்மா கேட்டார். கோவையில் கேட்காமல் இருப்பார்களா! 150 வாட் மேசைக் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் 75 வாட்-மணிதான். தாராளமாக ஆட்டலாம். இண்டக்‌ஷன் அடுப்புதான் ஆபத்து. 1,800 வாட்டில் இருபது நிமிடம் சமைத்தால் 600 போய்விடும். கேஸ் அடுப்பே போதும். சத்தமில்லாமல் திருடுவது இன்வெர்ட்டர். எதுவும் ஓடாதபோதும் பத்து வாட் தின்றால் நாளுக்கு 240, நம் யூனிட்டில் கிட்டத்தட்டக் கால் பங்கு. ஃபேனும் ஃபிரிட்ஜும் நேரடி 12 வோல்ட்டில் ஓடட்டும். மாவாட்டி முடித்ததும் இன்வெர்ட்டரை அணைத்துவிட வேண்டும்.

ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் வரும்போது பேனல் தருவது பாதியாகும். வால்பாறையில் பாதிகூடத் தேறாது. அந்த இரண்டு மாதத்துக்காகக் கூரையில் பேனலை இரட்டிப்பாக்குவது வீண். என்ஜின் ஆல்டர்னேட்டரிலிருந்து டிசி-டிசி சார்ஜர் வழியாக 25 ஆம்பியர் எடுத்தால், இரண்டு மணி நேர ஓட்டத்தில் 600 வாட்-மணி ஏறிவிடும், ராத்திரி கழிந்தது. ஒயர் மட்டும் தடிமனாக இருக்கட்டும், ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்கட்டும்.