மருத்துவக் கல்விக்கு இளமையில் அடிகோலுதல்

‘எதிர்காலத்தில் நீ யாராக விளங்க விரும்புகின்றாய்?’ என்று ஏழாந் தரத்து மாணவரை வினவுவோமாயின், அவருட் பலர் ‘வைத்தியராக’ என்றே விடை பகர்வர். இவ்வாவல் போற்றற்குரியது. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம்மவர்க்கு மேனாட்டு மருத்துவங் கற்பித்த காலந்தொட்டு, இத்தொழில் நம்மிடையே பெருமதிப்புப் பெற்று வந்துள்ளது. எனினும், அவ்வாவல் நிறைவேறும் பொருட்டு நாம் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்யும் முறை செம்மையானதா என்பது ஆராயத்தக்கது.

பள்ளி விட்டதும் தனியார் கல்வி நிலையம், அங்கிருந்து மற்றொன்று, இரவில் மனனம். உயர்தர வகுப்புக்குரிய குறிப்புகளை ஒன்பதாந் தரத்திலேயே உருப்போடுவிக்கும் பெற்றோரும் உளர். இம்முறை நமக்கு உடன்பாடன்று. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்னும் மூன்றையும் கற்றற்கு உயர்தர வகுப்புகள் உள. அவ்வகுப்பு வேலையை முன்கூட்டிச் செய்தல் ஆயத்தமாகாது. அவ்வேலையைச் செய்யவல்ல மனத்தை ஆக்குவதே ஆயத்தமாம்.

அம்மனத்துக்கு முதலில் வேண்டுவது உற்றுநோக்கலும், நோக்கியதைத் திரிபின்றி உரைத்தலுமாம். ஒருமுறை எட்டாந் தரத்து மாணவரை, தமக்கு வந்த ஒரு காய்ச்சலைப் பற்றி எழுதுமாறு பணித்தோம். ‘காய்ச்சல் வந்தது, மருந்து குடித்தேன், சுகமாயிற்று’ என மூன்று வாக்கியங்களில் முடித்தோர் பலர். எப்பொழுது தொடங்கிற்று, குளிர் முந்தியதா சூடு முந்தியதா, நோவு எவ்விடத்தில், உணவு சென்றதா, வீட்டில் வேறெவர்க்கேனும் இருந்ததா எனப் பின்னர் வினவினோம். மறுமுறை எழுதியவை முழுப்பக்கக் கட்டுரைகளாயின. வைத்தியர் நோயாளியிடம் கேட்பனவும் ஏறக்குறைய இவ்வினாக்களே. ஆகலின், கட்டுரைப் பாடத்தைக் காலக்கழிவென்று கருதும் விஞ்ஞான மாணவன் தன் தொழிலின் முதற்படியையே இகழ்கின்றான்.

அடுத்து வேண்டுவன கணிதமும் செய்முறை விஞ்ஞானமும். கணிதத்திற் தளர்ந்தவனுக்குப் பௌதிகவியல் பெருஞ்சுமையாகும். வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் வைத்துக் கலங்களைத் தன் கண்ணாற் கண்டு வரைந்த பிள்ளை, அப்பாடத்தை எளிதில் மறவான். படத்தைப் பார்த்து மட்டும் வரைந்தவனோ பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவான்.

மூன்றாவது மொழி. நம் மருத்துவ பீடங்களிற் கற்பிக்கும் மொழி ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழிற் பயின்று சென்றோர் முதலாண்டிலே இடர்ப்படுதலை நாம் அறிவோம். ஆறாந் தரத்திலிருந்தே நாடோறும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசித்து வருபவனுக்கு அவ்விடர் பெரிதுந் தணியும். ஆனால் அதன்பொருட்டுத் தமிழைக் கைவிடுதல் அறியாமையாம். நோயாளி தன் நோவைத் தன் தாய்மொழியிலன்றோ சொல்வான்! இதனை நன்குணர்ந்த கிறீன், தாமே தமிழ் கற்று, பிற்காலத்தில் தமிழிலேயே மருத்துவம் போதித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார்.

இம்மூன்றினும் சிறந்தது இரக்கம். வீட்டிற் படுக்கையிலிருக்கும் பாட்டனாருக்கு நேரந் தவறாது மருந்து கொடுக்கவும், காயத்தைக் கழுவிக் கட்டவும் அருவருப்பின்றிப் பழகிய சிறுவன், எந்தக் கல்வி நிலையமும் கற்பியாத பாடத்தைக் கற்றவனாவான்.

இங்கு ஓருண்மையை மறைத்தல் தகாது. மருத்துவ பீடங்களிலுள்ள இடங்கள் சில, விரும்புவோர் பலர். நம்மிடம் பயின்ற ஒருவன் மூன்று முறை பரீட்சைக்குத் தோற்றியும் வெட்டுப்புள்ளியை எட்டானாய், ஊரார் முகத்தில் விழிக்க அஞ்சி நெடுநாள் வீட்டினுள்ளேயே அடங்கியிருந்தான். அவன் அறிவிற் குறைந்தவனல்லன். ஒரே வாயிலைக் காட்டி வளர்த்த நாமே அவனுக்குத் தீங்கிழைத்தோம். வள்ளுவர் மருத்துவத்தின் கூறுகளைக் கூறுமிடத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து துணைசெய்வோனையும் ஒருங்குவைத்து எண்ணினார். தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத்தார் ஆகியோர் அம்மரபினரே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவக் கல்வியேயன்றி, சித்த மருத்துவமும் தாதியியலும் பட்டப்படிப்புகளாக உள்ளன. நாம் மேற்சொன்ன ஆயத்தம் இவ்வாயில்கள் அனைத்துக்கும் பொருந்தும், வைத்தியராகாதவனிடத்தும் வீண்போகாது. வீண்போகாத ஆயத்தமே பிள்ளைகளுக்குரிய ஆயத்தமென்பது நம் துணிபு.

பழைய மாணவப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உயர்தரச் சித்தியாளர்க்குப் பொற்பதக்கம் வழங்கி மகிழ்கின்றீர்கள், நன்று. ஆயினும் விதைக்குங் காலத்து நீர் வாராது, கதிர் முற்றியபின் வாரார்த்துப் பயனென்னை? இவ்விழாவின் நினைவாக, இடைநிலை வகுப்புகளுக்குச் சில நுணுக்குக்காட்டிகளும், தமிழிலும் ஆங்கிலத்திலும் எளிய விஞ்ஞான நூல்களும், முதலுதவிப் பயிற்சியும் கிடைக்க வழிசெய்யுங்கள். உங்களுள் வைத்தியராயிருப்போர் ஆண்டுக்கொருமுறை ஏழாந் தரத்துக்கு வந்து, பெற்ற புள்ளிகளைப் பற்றியன்று, கண்ட நோயாளரைப் பற்றிப் பேசுங்கள். அப்பேச்சைக் கேட்ட பிள்ளைகளுள் வைத்தியராவோர் நல்ல வைத்தியராவர். ஏனையோர் நல்ல மனிதராவர். கல்லூரியன்னை வேண்டுவதும் அதுவே.