பூனைக்கு நன்றி இல்லையாம்

"பூனை நன்றி கெட்டது" என்று சொல்கிற ஆக்களோடு எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பூனை வீட்டுக்கு வந்து ஒரு கிழமை ஆவதற்குள் இந்தத் தீர்ப்பை எழுதிவிடுகிற ஆக்களோடு இன்னும் கூடுதலாக.

கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கமிருந்து ஒரு பெட்டைப் பூனையைக் கொண்டுவந்தோம். ஏழெட்டு மாதம் இருக்கும், ஒரு காது கிழிஞ்சது. உட்துறைமுக வீதிக்குக் கிட்ட நாலு பேர் வாடகைக்கு இருக்கிற வீடு எங்களுடையது. வந்த உடனே அலுமாரிக்குக் கீழே போனது போனதுதான். நாங்கள் என்ன செய்தோம்? வாற போற சிநேகிதர்களுக்குக் காட்ட வேணும் என்று தும்புத்தடியால் தட்டி வெளியே எடுத்தோம். மடியில் வைத்து அமத்திப் பிடித்தோம். "தடவத் தடவப் பழகும்" என்றார்கள், தடவினோம். அஞ்சாம் நாள் எங்களில் ஒருவரின் பெருவிரலைக் கடித்தது. பதினைந்து நிமிடம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடிக்குப் போடுகிற ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தோம். (பூனை கடித்தாலும் அதே ஊசிதான். வீட்டுப் பூனைதானே என்று விட்டுடாதேங்கோ.) வாசலில் பக்கத்து வீட்டு மாமி நின்றா. "உது மீன் வாடியில வளந்தது பிள்ளையள். உதுக்கு நன்றி எங்க இருக்கு? சாக்கில போட்டுத் திரும்பக் கொண்டுபோய் விடுங்கோ."

வெட்கத்தைச் சொல்ல வேணும், சாக்கை எடுத்தோம். சாக்கைக் கண்டதும் அது நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. முன்னமும் ஒருக்கா யாரோ சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விட்ட பூனை இது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மாமியை மட்டும் குற்றம் சொல்லி என்ன, ஊர் முழுக்க இதே கதைதான். வீட்டில் பூனை குட்டி போட்டால் மீன் சந்தையில் கொண்டுபோய் விடுவார்கள். "அங்க மீன் கிடைக்கும்தானே" என்பது நியாயம். பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்றுக்கொள்கிற காலம் பிறந்து ரெண்டாவது கிழமையிலிருந்து ஏழாவது கிழமை வரைதான் என்று ஐலீன் கார்ஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களிலேயே காட்டினார். அந்தக் கிழமைகளில் எங்கள் துறைமுகக் குட்டி மனிதரிடம் எதைக் கண்டிருக்கும்? ஐஸ் லொறி, வள்ளத்து எஞ்சின், செருப்புக்கால், மேலே ஊத்துகிற தண்ணீர். கண்டதைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறது. அதன் பயத்தை நாங்கள் திமிர் என்கிறோம்.

இதே திருகோணமலையில் மான்கள் றோட்டில் திரிகின்றன. கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் ஒரு கை தூரம் வரைக்கும் வரும். நாங்கள் ஒரு அடி முன்னால் வைத்தால் அது ரெண்டு அடி பின்னால் வைக்கும். யாராவது மானை நன்றி கெட்டது என்று சொன்னதுண்டா? மானுக்கு "அது அப்பிடித்தான்" என்று விட்டுக்கொடுக்கிற ஊர், பூனையிடம் மட்டும் ஏன் ரெண்டாம் நாளே கடன் வசூலிக்கிறது? சோறு போட்டோம், அதனால் மடியில் ஏறு என்றால் அது வட்டிக்கடை.

இன்னொன்றும் சொல்லலாம். கலியாண வீட்டில் பட்டாசு வெடித்தால் எங்கட அம்மம்மா இன்றைக்கும் சுவரோடு ஒட்டிக்கொள்ளுவா. சண்டை முடிந்து எத்தனை வருசம்! "பழகட்டும்" என்று அவவைக் கையில் பிடித்து இழுத்து முற்றத்தில் விடுவோமா? கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் இருப்போம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் பூனை என்று வந்ததும் மறந்துபோகிறது.

சாக்கை எறிந்துவிட்டு நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு சின்ன அறையை அதுக்கே விட்டோம். கடையில் வாங்கிய பிஸ்கட் பெட்டியைக் கவிழ்த்து, ரெண்டு பக்கமும் வாசல் வெட்டி வைத்தோம். ஒளிய இடம் கொடுத்தால் ஒளிஞ்சே கிடக்கும் என்று எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. நெதர்லாந்தில் ஒரு பூனைக் காப்பகத்தில் 2014இல் செய்த ஆய்வு அதற்கு எதிராகச் சொல்கிறது: ஒளிய பெட்டி கிடைத்த பூனைகள்தான் புது இடத்துக்குக் கெதியாய்ப் பழகின. சாப்பாடு ஒரே நேரம், ஒரே கோப்பை. அவித்த சூடை மீன், முள் எடுத்தது. பால் இல்லை, வளர்ந்த பூனைகள் பலதுக்கும் வயிற்றால் போகும். ஒவ்வொரு பின்னேரமும் ஒருவர் போய் நிலத்தில் பக்கவாட்டில் இருந்து புத்தகம் வாசிப்பார். கையை நீட்டுவதில்லை, உற்றுப் பார்ப்பதுமில்லை. பார்த்தால் மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பது. இது பைத்தியக் கதை இல்லை. மெதுவாகக் கண் சிமிட்டுகிற மனிதரிடம் பூனை கூடுதலாகக் கிட்ட வருகிறது என்று 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்து எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது கிழமை அது பெட்டிக்கு வெளியே சாப்பிட்டது. ரெண்டாவது மாதம் ஒரு விரலை மணந்து பார்த்தது. தாடைக்குக் கீழே ரெண்டு தரம் சொறிந்துவிட்டு, அது போக முதல் நாங்களே கையை எடுத்தோம். கஷ்டமான வேலை என்றால் அதுதான், கை எடுக்க மனமே வராது.

மாமி சொன்னதில் ஒரு பாதி சரி. சின்னப் பிள்ளைகள் ஓடித்திரிகிற வீட்டுக்கு இப்படி ஒரு பூனை முதல் சில மாதங்களுக்குச் சரிவராது. சில பூனைகள் கடைசி வரைக்கும் மடிக்கு வராது, அதையும் தெரிந்துகொண்டுதான் எடுக்க வேணும். முதலில் கருத்தடை செய்விக்க வேணும், இல்லாவிட்டால் அடுத்த சாக்கும் ரெடி. ஆனால் வெள்ளரிக்காயைப் பின்னால் வைத்து, பூனை துள்ளிப் பாய்வதை வீடியோ எடுத்துப் போடுகிற எங்கள் வயதுக்காரருக்கு எந்தப் பாதியையும் விட்டுக்கொடுக்க மாட்டோம். சாப்பிடுகிற இடத்தில் ஒரு உயிரை வெருட்டிப்போட்டு அதற்கு லைக்கும் கேட்கிறீர்கள்.

போன கிழமை மாமி சூடை மீன் தலை கொஞ்சம் கொண்டுவந்து அறை வாசலில் வைத்தா. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. "நான் போன பிறகு சாப்பிடட்டும்" என்றா. கொஞ்ச நேரத்தில் துறைமுகத்தில் கப்பல் ஹோர்ன் அடித்தது. பூனை பெட்டிக்குள் ஓடியது. அரை மணித்தியாலம் கழித்து வந்து தலைகளை முடித்தது.